ஊர் பேரைச் சொன்னா மீன் விக்கணும்

போன மாசம் எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பிடிஎஃப் வந்து விழுந்துச்சு. தலைப்பு: 'யூரோப் போனா மிஸ் பண்ணவே கூடாத 25 சாப்பாடு'. அனுப்பினவன் என் பெஞ்ச் மேட். அவனுக்கு ஜெர்மனியில எம்.எஸ். அட்மிட் கிடைச்சிருக்கு. செமஸ்டர் லீவுல எந்த நாட்டுக்குப் போகலாம், எங்க என்ன சாப்பிடலாம்னு இப்பவே எக்செல் ஷீட் ரெடி.

பொறாமையெல்லாம் இல்ல. சரி, கொஞ்சம் இருக்கு. இருந்தாலும் ராத்திரி உட்கார்ந்து அந்த 25 ஐட்டத்தையும் ஒவ்வொண்ணா தேடிப் படிச்சேன். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். இதுவரைக்கும் நான் போன அதிகபட்ச தூரம் ஸ்கூல் டூர்ல ஊட்டி. ஆனா படிக்கப் படிக்க, இதெல்லாம் எங்கயோ பார்த்த சாப்பாடா இருக்கேனு தோணுச்சு.

லிஸ்ட்ல மூணாவது ஐட்டம், பிரான்ஸ்ல மார்செய் துறைமுகத்தோட 'பூயாபெஸ்'. மீன் குழம்புதான். விக்காம மிஞ்சிப்போன முள்ளு மீனையெல்லாம் மீனவங்க ஒரே சட்டியில போட்டு கொதிக்க வெச்சதுல ஆரம்பிச்சது. இன்னைக்கு அது பெரிய ஹோட்டல் சாப்பாடு. 1980ல அந்த ஊர் ஹோட்டல்காரங்க சிலர் சேர்ந்து, என்னென்ன மீன் போட்டா அது பூயாபெஸ், எப்படிப் பரிமாறணும்னு ஒரு சாசனமே எழுதி கையெழுத்து போட்டிருக்காங்க.

ஏழாவது, இத்தாலியில ஃபுளோரன்ஸ் நகரத்து 'லாம்ப்ரெடொட்டோ'. மாட்டோட நாலாவது வயிறை வேகவெச்சு, பன்னுக்குள்ள வெச்சு, தள்ளுவண்டியில விக்கிறாங்க. பதினொண்ணாவது, போர்ச்சுகல்ல போர்ட்டோ நகரத்து குடல் கறி. நல்ல கறியெல்லாம் 1415ல படையெடுத்துப் போன கப்பலுக்குக் கொடுத்துட்டு, மிச்சமிருந்த குடலை ஊர்க்காரங்க சமைச்சு சாப்பிட்டாங்கனு ஒரு கதை சொல்றாங்க. அந்த ஊர்க்காரங்களுக்கே 'குடல் தின்னிகள்'னு அர்த்தம் வர்ற பட்டப்பேர் உண்டு. அவங்க அதைப் பெருமையா சொல்லிக்கிறாங்க.

அப்புறம் நேப்பிள்ஸ் பீட்சா. துறைமுக ஊர் ஏழைங்க தெருவுல நின்னு சாப்பிட்டது. 2017ல யுனெஸ்கோ அந்த பீட்சா போடுற கலையையே மனிதகுலப் பண்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துச்சு. பெர்லின் 'டோனர் கெபாப்', 1961 ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஃபேக்டரி வேலைக்கு வந்த துருக்கிக்காரங்க அந்த நகரத்துக்குக் கொடுத்த சாப்பாடு.

துறைமுகம், மீனவங்க, குடல், தள்ளுவண்டி, பிழைக்க வந்தவங்க. மச்சான், இது எங்க ஏரியாடா!

இதே ஃப்ரெண்டை செகண்ட் இயர்ல ஒரு தடவை ராயபுரத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். தெருமுனையில வண்டிக்கடையில போட்டி வறுவல் வாங்கிக் கொடுத்தேன். தட்டைப் பார்த்தான், மூக்கைச் சுளிச்சான், "மச்சான், ஹைஜீனா இருக்குமாடா?"னு கேட்டான். இப்ப அவன் ஷீட்ல லாம்ப்ரெடொட்டோ பக்கத்துல மூணு ஸ்டார் போட்டு 'மஸ்ட் ட்ரை'னு இருக்கு. ஆட்டுக் குடல்னா அருவருப்பு, மாட்டு வயிறு ஃபுளோரன்ஸ்ல இருந்தா அனுபவம். அவனை மட்டும் சொல்லல. நம்ம எல்லார்கிட்டயும் இது கொஞ்சம் கொஞ்சம் இருக்கு.

சரி, எங்க ஏரியாவுல அப்படி என்னதான் இருக்கு? அத்தோவுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சாயந்திரம் பீச் ஸ்டேஷன்ல இறங்கி, பர்மா பஜார் பின்னாடி செகண்ட் லைன் பீச் பக்கம் போனா வரிசையா வண்டிக்கடை. ஆரஞ்சு கலர்ல கோதுமை நூடுல்ஸ். அதுல முட்டைக்கோஸ், வெங்காயம், பொரிச்ச பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், நொறுக்கின பேஜோ எல்லாம் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, அண்ணன் கையாலயே பிசைஞ்சு கொடுப்பார். கரண்டி போட்டுக் கிளறினா அது அத்தோ இல்ல. பர்மிய மொழியில 'அதோக்'னா கலந்து பிசைஞ்சதுனு அர்த்தம். அந்தப் பேர்தான் நம்ம வாயில அத்தோ ஆச்சு. கூடவே வாழைத்தண்டு சூப். அவிச்ச முட்டையைக் கீறி உள்ள வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணி வெச்சுக் கொடுக்கிற முட்டை மசாலா.

இது எப்படி இங்க வந்துச்சு? பர்மாவுல மூணு தலைமுறையா இருந்த தமிழர்கள் நிறைய பேர். 1962ல அங்க ராணுவ ஆட்சி வந்துச்சு. 1964ல கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆச்சு. சம்பாதிச்சதை அங்கேயே விட்டுட்டு, கப்பல் ஏறி மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க. வியாசர்பாடி, எண்ணூர்னு குடியிருப்புகள் வந்துச்சு. எண்ணூர்ல இன்னைக்கும் 'பர்மா நகர்'னு ஒரு இடம் இருக்கு. கையில காசு இல்லாம வந்தவங்க, கைப்பழக்கத்தைக் கொண்டு வந்தாங்க. பெர்லின்ல டோனர் சாப்பிட்டுட்டு 'மைக்ரேஷன் ஹிஸ்டரி இன் எ பிளேட்'னு ஸ்டேட்டஸ் போடுறவங்க, அத்தோவை 'பீச் நூடுல்ஸ்'னு சொல்லிட்டுப் போயிடுறாங்க.

அடுத்தது மீன். இதுல நான் நடுநிலையா எழுத முடியாது. எங்க ஆயா மீன்காரம்மா.

ஆயா பிறந்தது எண்ணூர் பக்கம் காட்டுக்குப்பம். கல்யாணம் பண்ணி ராயபுரம் வந்தாங்க. விடியக்காலையில காசிமேடு போய் ஏலத்துல மீன் எடுத்து, எங்க தெருமுனையில உட்கார்ந்து விப்பாங்க. வாரத்துல ரெண்டு நாள் அவங்க தம்பி வீட்டுல இருந்து எண்ணூர் ஆத்து மீனு வரும். மடவை, கிழங்கா, வெள்ளை இறால், பச்சை நண்டு. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து கடல்ல சேர்ற கழிமுகத்துல பிடிச்சது. உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும் கலக்குற இடம். அந்த மீனுக்கு ருசியே வேறனு ஆயா சொல்லுவாங்க. நான் சின்னப்பையனா இருந்தப்ப அந்த ரெண்டு நாள் மட்டும் ஆயா குரல் ஒரு சுதி தூக்கலா இருக்கும்: "எண்ணூரு ஆத்து மடவ! எண்ணூரு ஆத்து மடவ!" பத்து மணிக்குள்ள கூடை காலி. ஊர் பேருதான் விளம்பரம்.

2023 டிசம்பர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் புயல். நம்ம காலேஜுக்கு லீவு விட்டாங்க, செமஸ்டர் தள்ளிப்போச்சு. எங்க பக்கம் அதோட முடியல. மணலி பக்கமிருந்து வெள்ளத்தோட எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவுச்சு. படகு, வலை, அலையாத்தி மரம், வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் கறுப்பா பிசுபிசுனு ஒட்டிடுச்சு. மீனவங்களே தண்ணியில இறங்கி பக்கெட்டும் மக்குமா எண்ணெயை அள்ளினதை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. அதுல எங்க சொந்தக்காரங்களும் இருந்தாங்க. அதே மாசம் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் கடலோரம் ஒரு உரத் தொழிற்சாலையோட கடலடிக் குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமா குழந்தைங்களைத் தூக்கிட்டு ஓடினாங்க. அதுல பர்மா நகர்க்காரங்களும் உண்டு. ஒரு நாட்டுல இருந்து துரத்தப்பட்டு வந்து உட்கார்ந்த இடத்துல, நடுராத்திரி திரும்பவும் ஓட வேண்டியிருந்துச்சு.

அந்த வாரம் ஆயா கூடையில இருந்தது எல்லாமே காசிமேட்டு மீனு. எண்ணூர்ல வலையே போடல, அப்புறம் எங்க வர்றது? ஆனா வர்ற ஒவ்வொருத்தரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஆயா, எண்ணூர் மீனா?" ஆயா தலையை ஆட்டி, "எண்ணூரு மீனு இல்லம்மா. காசிமேடு. வாங்கிக்கோ" அப்படின்னாங்க. அன்னைக்கு காலையில மட்டும் ஒரு இருபது தடவை சொல்லியிருப்பாங்க. அவங்க சொன்னது உண்மைதான். ஆனா கூவிக்கூவி வித்த அதே பேரை, அந்த ஊர்ல பிறந்த பொண்ணு, இல்ல இல்லனு சொல்றதைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். சாயந்திரம் கூடையைக் கழுவும்போது ஆயா ஒண்ணும் பேசல.

இதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே. அந்த யூரோப் லிஸ்ட்டைத் திருப்பிப் பாருங்க. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு ஊர் பேர் இருக்கு. மார்செய் குழம்பு, நேப்பிள்ஸ் பீட்சா, போர்ட்டோ குடல். ஊர் பேரைச் சொன்னா அங்க விலை ஏறுது. இங்க ஊர் பேரை மறைச்சாத்தான் மீன் விக்குது. பாரம்பரிய உணவைக் காப்பாத்துறதுனா ரெசிப்பியை யூடியூப்ல ஏத்துறதுனு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். மடவைக் குழம்பு ரெசிப்பி ஆயிரம் கிடைக்கும். மடவை வாழ ஒரு ஆறு வேணுமே?

"அதெல்லாம் பணக்கார நாடு, அவங்களுக்கு முடியும்"னு ஒருத்தர் சொல்லுவீங்க. அந்த 25ல இல்லாத ஒரு ஐட்டத்தைச் சொல்றேன். நான் தேடினப்ப தற்செயலா கிடைச்சது.

ஸ்பெயின்ல முர்சியா பகுதியில 'மார் மெனோர்'னு ஒரு உப்பங்கழி. அந்தக் கரை மீனவங்களோட சாப்பாடு 'கால்தேரோ'. இரும்புச் சட்டியில மீனை வேகவெச்சு, அந்தத் தண்ணியிலயே காய்ஞ்ச மிளகாய் சேர்த்து அரிசியைப் பொங்கி, மீனைத் தனியா, சோறைத் தனியா பரிமாறுவாங்க. அதுக்கு முக்கியமா போடுற மீன் என்ன தெரியுமா? மடவை. நம்ம எண்ணூர் ஆத்துல கிடைக்கிற அதே மடவை இனம்.

அந்த உப்பங்கழியும் நாசமாச்சு. சுத்தியிருந்த விவசாய நிலங்கள்ல போட்ட உரம் வடிஞ்சு வடிஞ்சு, தண்ணியில ஆக்சிஜன் இல்லாம, 2019லயும் 2021லயும் மீனும் நண்டும் கரையில செத்து ஒதுங்குச்சு. ஊர் மக்கள் கிளம்பினாங்க. முர்சியா பல்கலைக்கழகத்துல சட்டத் தத்துவம் சொல்லிக்கொடுக்கிற தெரேசா விசென்டேன்னு ஒரு பேராசிரியை, இந்தக் கழிக்கு ஒரு மனுஷனுக்கு இருக்கிற மாதிரி சட்ட உரிமை வேணும்னு இயக்கத்தை நடத்தினாங்க. ஆறு லட்சத்துக்கும் மேல கையெழுத்து சேர்ந்துச்சு. 2022 செப்டம்பர்ல ஸ்பெயின் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு. யூரோப்லயே அப்படி சட்ட உரிமை கிடைச்ச முதல் நீர்நிலை அதுதான். உடனே தண்ணி கண்ணாடி மாதிரி ஆகிடல, இன்னும் போராட்டம் இருக்கு. ஆனா அந்தக் கழி சார்பா யார் வேணா கோர்ட்டுக்குப் போகலாம்னு ஒரு வழி பிறந்திருக்கு.

எண்ணூர்லயும் மீனவங்க சும்மா இல்ல. அனல் மின்நிலையச் சாம்பல் குழாய் உடைஞ்சு ஆத்துல கொட்டுறதை எதிர்த்து பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனவங்க எங்க மாமா வயசுக்காரங்க. அவங்களோட சேர்ந்து நிக்கிற கூட்டம்தான் கம்மி.

இப்ப என் பக்கத்துச் சிக்கலையும் சொல்லிடுறேன். எங்க அப்பா மணலியில காண்ட்ராக்ட் ஃபிட்டர். இருபது வருஷமா குழாய் மாட்டுறார். என் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி ஆயாவோட மீன் காசு, பாதி அப்பாவோட குழாய் காசு. ஃபேக்டரியை மூடுங்கனு எழுத எனக்கு வாய் வராது. எழுதினா அப்பா முகத்துல முழிக்க முடியாது. "குழாய் மாத்தணும்னு நாங்க சொல்லுவோம்பா, மேல இருக்கிறவங்க அடுத்த ஷட்டவுன்ல பார்க்கலாம்பாங்க" அப்படினு அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அந்த 'மேல இருக்கிறவங்க' யாரு? இன்னும் நாலு வருஷத்துல நாமதான். மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில் படிக்கிற நாம. அந்த டேபிள்ல உட்கார்ந்து, குழாய் தடிமன் ரிப்போர்ட்டைப் பார்த்து, இப்பவா அடுத்த வருஷமானு கையெழுத்து போடப்போறது இந்தக் கட்டுரையைப் படிச்சுக்கிட்டு இருக்கிற யாரோ ஒருத்தர்.

அதனால நான் கேக்கிறது மூணே விஷயம்.

ஒண்ணு, இண்டஸ்ட்ரியல் விசிட் போறோம்ல? பஸ், பாட்டு, லஞ்ச் பாக்கெட், கேட் முன்னாடி குரூப் போட்டோ. அடுத்த தடவை ஒரே ஒரு கேள்வி எக்ஸ்ட்ரா கேளுங்க: "சார், இந்தத் தண்ணி வெளிய எங்க போகுது?" பதில் வரலன்னாலும் பரவாயில்ல. கேட்டது மனசுல நிக்கும்.

ரெண்டு, ஃபைனல் இயர் பிராஜெக்ட். சீனியர் ரிப்போர்ட்டை காப்பி அடிச்சு ஸ்மார்ட் டஸ்ட்பின் செய்யுறதுக்குப் பதிலா, மாசம் ஒரு தடவை எண்ணூர் ஆத்துத் தண்ணியையும் மீனையும் டெஸ்ட் பண்ணுங்க. கெமிக்கல் டிபார்ட்மெண்ட்ல லேப் இருக்கு. ரிசல்ட்டைத் தமிழ்ல, மீன் விக்கிற அம்மாக்களுக்குப் புரியுற மாதிரி எழுதுங்க. நான் "எண்ணூர் மீனை பயப்படாம வாங்கித் தின்னுங்க"னு சொல்லல. அந்தத் தண்ணியில கன உலோகம் இருக்குனு ஆய்வுகள் சொல்லியிருக்கு. எந்த மாசம், எந்த மீனு, எவ்வளவுனு மீன் இறக்குற இடத்துலயே ஒரு போர்டுல எழுதி வெச்சா, வாங்குறவங்களுக்கும் நல்லது, ஆயாவுக்கும் நல்லது. இதை அரசாங்கம்தான் செய்யணும். அதுவரைக்கும் நாம ஆரம்பிக்கலாம். ஆரம்பிச்சா கேக்கிற குரலுக்கு ஒரு வலு வரும்.

மூணு, வந்து சாப்பிடுங்க. இது ஈஸி. யூரெயில் பாஸ் எல்லாம் வேணாம், கும்மிடிப்பூண்டி லோக்கல் போதும். இதோ என் லிஸ்ட். 25 இல்ல, அஞ்சுதான்.

1) அத்தோ, செகண்ட் லைன் பீச். ஆறு மணிக்கு மேல போங்க. சூப்பை முதல்ல கேட்டு வாங்குங்க, ரெண்டாவது தடவையும் ஊத்துவாங்க.

2) காசிமேடு மீன். விடியறதுக்கு முன்னாடி போனா ஏலத்தையும் பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிக் கிடக்கும், அப்ப வந்துட்டு என்னைத் திட்டாதீங்க.

3) சுறா புட்டு. பால் சுறாவை வேகவெச்சு, தோலை உரிச்சு, உதிர்த்து, பூண்டு, வெங்காயம், பச்சைமிளகாய் நிறைய போட்டு வதக்கினது. எங்க வீடுகள்ல பிள்ளை பெத்தவங்களுக்குக் கொடுக்கிறது.

4) போட்டி வறுவல், ராயபுரம் வண்டிக்கடை. மூக்கைச் சுளிக்கிறதுக்கு முன்னாடி ஃபுளோரன்ஸை நினைச்சுக்குங்க.

5) நேத்து வெச்ச மீன் குழம்பும் இன்னைக்கு சுட்ட இட்லியும். இது எந்தக் கடையிலயும் கிடைக்காது. எங்க வீட்டுக்கு வரணும். ஆயாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

ஆறாவது ஒண்ணு இருக்கு. எண்ணூர் ஆத்து மடவைக் குழம்பு. அதை இப்போதைக்கு லிஸ்ட்ல போடல. எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு போற வழியில ரயில் அந்த ஆத்தைக் கடக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா ஒரு பக்கம் புகைபோக்கி, கீழ இடுப்பளவு தண்ணியில நின்னு கையால தடவித் தடவி இறால் பிடிக்கிறவங்க. அவங்களைப் பார்த்துட்டு மட்டும் வாங்க.

என் ஃப்ரெண்ட் ஆகஸ்ட்ல ஃபிளைட் ஏறுறான். போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வர்றதா சொல்லியிருக்கான். அவன் எக்செல் ஷீட்ல நானே 26வது வரிசையா கால்தேரோவைச் சேர்த்துட்டேன். மார் மெனோர் கரையில உட்கார்ந்து அதைச் சாப்பிடும்போது எனக்கு வீடியோ கால் பண்ணுடானு சொல்லியிருக்கேன். ஆயாவுக்கு அந்த மடவையைக் காட்டணும். அவங்க மீனுக்கு அந்த ஊர்ல என்ன மரியாதைனு அவங்களும் பார்க்கட்டும்.